ஜெயித்த குதிரையை எப்போது நிறுத்துவது? சேலத்துக் கொட்டடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பு வாங்கிய மறுநாள் காலை கன்னங்குறிச்சியில் எங்கள் கொட்டடி முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். குதிரைக்கு மாலை போட்டிருக்கும், பையன்கள் செல்போனில் படம் எடுப்பார்கள், அப்பா எல்லாருக்கும் டீ சொல்லுவார். அப்படி ஒரு காலையில் எங்கள் குதிரை ராஜாளி தண்ணித் தொட்டிக்கு நடந்து போவதைப் பின்னால் நின்று பார்த்தேன். மொத்தமே பத்துப் பன்னிரண்டு எட்டுதான். தொட்டியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் இடது முன்னங்காலை மட்டும் அரை எட்டாக வைத்தான். ஒரே ஒரு தடவை. அப்புறம் சரியாக நடந்தான், தண்ணி குடித்தான், தலையைத் தூக்கிக் கனைத்தான். முந்தின நாள் முதல் பரிசு வாங்கிய குதிரை. அதனால் நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது அவனுக்கு 12 வயசு. அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஓட்டினோம். அந்த ஒரு வருஷம் ஓட்டியிருக்கக் கூடாது. ரேக்ளா குதிரை வைத்திருக்கும் வேறு யாரும் தங்கள் குதிரையிடம் அப்படி ஒரு வருஷத்தைப் பிடுங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கிண்டி, ஊட்டி மைதானங்களில் ஓடிய ஜாதிக் குதிரைகளுக்குப் பயிற்சியாளர், மருத்துவர் என்று தனி ஏற்பாடு இருந்தது. நம் பக்கம் தார் ரோட்டில் வண்டி இழுத்து ஓடும் குதிரைக்கு நாம்தான் எல்லாமும். ஆனால் எலும்பும் நரம்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதைப் பார்த்து முடிவு செய்வது

பந்தய நாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் பாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது அடிப்படையில் இது ஒன்றுதான்.

காரணம் இருக்கிறது. குதிரை காட்டில் இரையாக வாழ்ந்த பிராணி. நொண்டுவதை வெளியே காட்டினால் கூட்டத்தில் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. பந்தய நாளில் கூட்டம், கொட்டுச் சத்தம், பக்கத்து வண்டியின் மூச்சு எல்லாம் சேரும்போது இருக்கிற வலியும் தெரியாமல் ஓடும். அதிலும் ஜெயித்துப் பழகிய குதிரை கடைசி வரைக்கும் விட்டுக் கொடுக்காது. சாதாரணக் குதிரை உடம்பு தளர்ந்தால் பின்தங்கிவிடும், நமக்கும் புரிந்துவிடும். நல்ல குதிரை உடம்பு போன பின்னும் மனசால் ஓடி இரண்டாவதாக வரும். அதைப் பார்த்து நாமும் இன்னும் தெம்பு இருக்கிறது என்று நினைத்துக் கொள்வோம்.

முதல் வேலை: உண்மையான வயசைத் தெரிந்து கொள்ளுங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே சொல்லப்படும் வயசும் குதிரையின் வயசும் பல நேரம் ஒன்றாக இருக்காது. நாம் சுழி பார்க்கக் காட்டும் அக்கறையில் பாதியைப் பல்லில் காட்டினால் போதும்.

கீழ்வரிசை முன்பற்களின் மேல்பரப்பில் சின்னக் குழி இருக்கும். தேயத் தேய அது மறையும். நடுப்பல் இரண்டிலும் சுமார் 6 வயசில், அடுத்த இரண்டில் 7இல், ஓரப்பல்லில் 8இல் குழி போய்விடும். அதற்கு மேல் வயசு பார்க்க மேல்வரிசை ஓரப்பல்லின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். 10 வயசு வாக்கில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புப் பள்ளக்கோடு தலைகாட்டும். 15 வயசில் பல்லின் பாதி வரை இறங்கும். 20இல் பல் முழுக்க ஓடும். வயசு கூடக் கூடப் பல் முன்னோக்கிச் சாயும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் எட்டு வயசுக் குதிரை என்று சொல்லி பதினாலு வயசுக் குதிரையைக் கொடுத்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

வயசு தெரிந்துவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மைதானத்தில் ஓடும் ஜாதிக் குதிரைகள் இரண்டு வயசிலேயே பந்தயத்துக்கு வரும், நாலரை வயசு வாக்கில் உச்ச வேகத்தைத் தொடும். ஆஸ்திரேலியாவின் விங்க்ஸ் (Winx) தொடர்ந்து 33 பந்தயம் ஜெயித்து, 2019இல் ஏழு வயசில், ஜெயித்த நாளிலேயே ஓய்வு பெற்றது. இங்கிலாந்தின் ரெட் ரம் 12 வயசில், 1977இல், கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மூன்றாவது முறையாக ஜெயித்தது. மறுவருஷமும் ஓட இருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் காலில் மயிரிழை விரிசல் என்று தெரிந்ததும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். ஊரே எதிர்பார்த்துக் காத்திருந்த நேரத்தில் நிறுத்தினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ரெட் ரம் 1995 வரை, 30 வயசு வரை வாழ்ந்தது.

நம் பக்கத்துக் காத்தியவாரி, மார்வாரி, கலப்புக் குதிரைகள் மெதுவாகத்தான் முற்றும். ஆனால் 10 வயசு தாண்டிய எந்தக் குதிரைக்கும் கீழே சொல்லப் போகும் நோட்டு கட்டாயம் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். கொட்டடியிலேயே ஒரு ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள், வீட்டுக்குள் வைத்தால் எழுத மாட்டோம்.

காலையில் தீனி வைப்பதற்கு முன்னால், குதிரை அமைதியாக நிற்கும்போது நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ஒரு குழாய் உருளும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஆரோக்கியமான குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு 8 முதல் 16. உடம்புச் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்.

இதெல்லாம் அடிப்படை எண்கள். முடிவுக்கு உதவுவது ஓட்டத்துக்குப் பிறகு வரும் எண்தான். வாரம் ஒரு நாள், ஒரே ரோட்டில், ஒரே தூரம், ஒரே வண்டியில் ஓட்டிவிட்டு, நிறுத்திய நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். நாடி 60க்குக் கீழே இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதுங்கள். உலக அளவில் நடக்கும் நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில், குறித்த நேரத்துக்குள் நாடி 64க்கு இறங்காத குதிரையை அடுத்த கட்டத்துக்கு விடமாட்டார்கள். எவ்வளவு வேகமாக வந்தது என்பது அங்கே கணக்கில் இல்லை. நல்ல பழக்கத்தில் இருக்கும் குதிரை பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடும்.

ராஜாளி நன்றாக ஓடிய காலத்தில் 11, 12 நிமிஷம் என்று இருந்தது. 12 வயசில் அது 19 ஆனது. அடுத்த மார்கழியில் 26. ஓட்ட நேரம் மட்டும் மூன்று வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த எண்கள் என் கையெழுத்திலேயே நோட்டில் இருக்கின்றன. எழுதினேன், திருப்பிப் பார்க்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது பழைய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. சேலத்து வெயிலில் எந்தக் குதிரைக்கும் இளைப்பாற நேரம் ஆகும். சித்திரையில் எடுத்த எண்ணை மார்கழி எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல குதிரையையும் கிழடு என்று நினைத்துவிடுவீர்கள். மார்கழியை மார்கழியோடும் சித்திரையைச் சித்திரையோடும் ஒப்பிடுங்கள்.

எண் தவிர மறுநாள் காலை இந்த விஷயங்களை ஒரு வரியில் எழுதுங்கள்: முழுத் தீனியும் தின்றதா, படுத்து எழுந்ததா, எழும்போது தடுமாறியதா, நிற்கும்போது எந்தக் காலை இளக்கி வைக்கிறது. பின்னங்காலை மாற்றி மாற்றி இளக்கி நிற்பது இயல்பு, எல்லாக் குதிரையும் செய்யும். முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்து நிற்பது இயல்பு இல்லை. அது வலி.

காலைக் கையால் படியுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பந்தயக் குதிரை பெரும்பாலும் முடிவது காலில்தான்.

குதிரையின் எடையில் அறுபது சதவீதம் போல முன்னங்கால்கள் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் நரம்பை, மருத்துவர்கள் தசைநாண் என்பதை, நாம் பின்நரம்பு என்கிறோம். ஓடும்போது அது ரப்பர் மாதிரி நீண்டு சுருங்குகிறது. ஒவ்வொரு நீட்டலிலும் உள்ளே சூடு உண்டாகும். பாய்ந்து ஓடும் குதிரையின் பின்நரம்புக்குள் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் அந்தச் சூடு சீக்கிரம் ஆறாது, உள்ளே ஏற்படும் சின்னச் சின்னக் கிழிசலும் சீக்கிரம் கூடாது. வருஷக்கணக்கில் அப்படிச் சேர்ந்து வருவதுதான் ஒருநாள் பந்தயத்தில் படாரென்று போகிறது. பார்க்கிறவர்கள் கல் தடுக்கிவிட்டது என்பார்கள், கண்பட்டுவிட்டது என்பார்கள். கிழிசல் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்திருக்கும்.

ஆகவே தினமும் காலையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் நான்கு குளம்பையும் புறங்கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்து கணுவுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் அது லேசாகத்தான் கிடைக்கும். தட்டித் தட்டித் துடித்தால் குளம்புக்குள் ஏதோ இருக்கிறது. பிறகு முன்னங்காலைத் தூக்கி உங்கள் தொடைமேல் வைத்துக்கொண்டு, பின்நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முழங்காலிலிருந்து கணு வரை இறக்குங்கள். நல்ல நரம்பு கயிறு மாதிரி ஒரே சீராக இருக்கும், விளிம்பு தெளிவாகத் தெரியும். ஒரு இடத்தில் விரல் மெத்தென்று அமுங்கினாலோ, அங்கே வரும்போது குதிரை காலை இழுத்துக்கொண்டாலோ, மறுகாலோடு ஒப்பிடுங்கள். இரண்டு காலையும் ஒரே ஆளே பார்ப்பது நல்லது. விரலுக்கு ஒரு ஞாபகம் வரும்.

நொண்டுவதைக் கண்டுபிடிக்க, கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, மெல்லோட்டத்தில் உங்களை நோக்கி ஓட்டிவரச் சொல்லுங்கள். காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். நோகிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இது தெரியாது. விற்கிறவர்கள் ஏன் கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டிக் காட்டுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பின்நரம்பு ஒருமுறை கிழிந்தால் கூடுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கூடிய இடம் பழைய நரம்பு மாதிரி நீளாது, தழும்பாகத்தான் இருக்கும். இளம் குதிரை என்றால் ஓய்வு கொடுத்துத் திரும்பக் கொண்டுவரலாம். 11, 12 வயசுக்கு மேல் கிழிந்தால் திரும்பக் கொண்டுவராதீர்கள். இது என் அபிப்பிராயம், இதில் நான் மாறுவதாக இல்லை.

வலி ஊசி போட்டு ஓட்டாதீர்கள்

நாங்கள் ஒரு தடவை போட்டோம். ராஜாளிக்கு 13 வயசு நடந்துகொண்டிருந்தது. ஒரு திருவிழாப் பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் அதே இடது முன்னங்கால் லேசாகச் சூடாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர் ஊசி கொண்டுவந்தார். போட்ட மறுநாள் குதிரை துள்ளியது. எல்லாருக்கும் சந்தோஷம். பந்தயத்தில் எல்கைக் கொடியைச் சுற்றித் திரும்பி முக்கால்வாசித் தூரம் வந்ததும் கால் மடிந்தது. அப்படியும் மூன்று காலால் இழுத்துக்கொண்டு வரப் பார்த்தான். சாரதி குதித்து இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வலி ஊசி நரம்பைச் சரிசெய்யாது. வலியை மட்டும் மறைக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று குதிரைக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குரலை நாம் அடைத்துவிடுகிறோம். மருத்துவர் ஓய்வோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்து வேறு. ஓட்டுவதற்காகப் போடும் மருந்து வேறு. ஊசி இல்லாமல் ஓட முடியாத நிலைமை வந்துவிட்டால் அந்தக் குதிரை ஓய்வு பெற்றுவிட்டது என்று எழுதிக் கொள்ளுங்கள்.

தளர்ச்சிக்கு வேறு காரணம் இருக்கிறதா பாருங்கள்

அவசரப்பட்டும் நிறுத்த வேண்டாம். கிழட்டுத் தளர்ச்சி மாதிரியே தோன்றும், ஆனால் சரிசெய்யக்கூடிய விஷயங்கள் பல உண்டு.

பல் முதலில். கடைவாய்ப்பல் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழித்தால் குதிரை தீனியைச் சுருட்டிக் கீழே துப்பும், கடிவாளம் போட்டால் தலையை ஆட்டும், இளைக்கும். ராவிவிட்டால் ஒரே மாதத்தில் தேறிவிடும். குடற்புழு, பொருந்தாத லாடம், தோள்பட்டியில் தேய்ந்த புண் எல்லாம் அதே மாதிரிதான். விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைப்பு, காலிலும் வயிற்றடியிலும் வீக்கம் இருந்தால் சர்ரா நோயாக இருக்கலாம். கடிக்கிற பெரிய ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி அது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் தெரியாது.

நம் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சேலம் பக்கம் பச்சைச் சோளத்தட்டு தாராளமாகக் கிடைக்கும், மாட்டுக்குப் போடுவது போலவே குதிரைக்கும் போட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் பச்சைச் சோளமே தீனியாகத் தின்ற குதிரைக்கு இடுப்புத் தளர்ந்து பின்கால் பின்னும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும். பார்க்கிறவர்கள் வயசாகிவிட்டது என்பார்கள். அது தீனியால் தண்டுவடத்தில் வந்த சேதம். முற்றிவிட்டால் மீளாது. அறிகுறி லேசாகத் தெரிந்த அன்றைக்கே அந்தத் தீனியை நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தலைவாசல் கல்லூரி இன்னும் பக்கம். பின்நரம்பு கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் கதையைவிட மருத்துவருக்கு அதுதான் உதவும்.

சாரதி சொல்வதைக் கேளுங்கள்

லகான் வழியாக வருவது கரையில் நிற்கிற முதலாளிக்குத் தெரியாது. ஊசி போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் சாரதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்:

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. முன்னெல்லாம் கொடி திரும்பினதும் இவனைப் பிடிக்கறதுதான் என் வேலை. இப்ப கிளப்பறதே வேலையா இருக்குது."

"அய்யாகிட்ட சொன்னியா?"

"எப்படிங்கண்ணா சொல்றது? அவருக்கு இவன் இன்னொரு புள்ள."

அப்பாவிடம் நான் சொன்னேன். "அவன் ஓடறதுக்குன்னே பொறந்தவன்டா" என்று முடித்துவிட்டார். அப்பாவைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது.

சாரதியிடம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை தடவை சவுக்கைத் தூக்கினாய்? முன்பு சத்தம் கொடுத்தாலே போன குதிரைக்கு இப்போது அடி விழுகிறது என்றால் அந்த எண்ணும் நோட்டில் ஏற வேண்டும். அப்புறம், வண்டியில் பூட்டும் நேரத்தைக் கவனியுங்கள். காதை மடக்குவது, பல்லைக் கடிப்பது, பட்டை எடுத்தாலே பின்வாங்குவது, பந்தயத்துக்கு முந்தின ராத்திரி தீனியை விடுவது. பயிற்சியில் ஓடத் தயாராக நிற்பதும் பந்தய வண்டியைக் கண்டால் திரும்பிக் கொள்வதும் ஒரே குதிரையிடம் தெரிந்தால், அது எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது.

எப்படி முடிவெடுப்பது

பந்தய சீசன் தொடங்குவதற்கு முன்னால், தை பிறப்பதற்குள், உட்கார்ந்து எழுதுங்கள். கூட்டத்தின் நடுவில், நோட்டீஸ் அடித்த பிறகு, பெயர் கொடுத்த பிறகு யாராலும் சரியாக யோசிக்க முடியாது. நான் இப்போது எங்கள் இன்னொரு குதிரைக்கு எழுதி வைத்திருப்பது இது:

நாடி இறங்கும் நேரம் அதன் நல்ல காலத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகி, நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அந்த சீசனோடு நிறுத்தம். 12 வயசுக்கு மேல் பின்நரம்பில் கிழிசல் என்றால் அன்றே நிறுத்தம். ஓட்டத்துக்குப் பிறகு மூக்கில் ரத்தம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சை, இரண்டாவது தடவை வந்தால் நிறுத்தம். ஒரு பந்தயத்துக்குப் பிறகு மூன்றாம் நாளும் நடை சரியாகவில்லை என்றால், அடுத்த பந்தயம் கிடையாது, இரண்டு தடவை அப்படி நடந்தால் நிறுத்தம்.

முடிவில் மூன்று பேருக்குப் பங்கு: முதலாளி, சாரதி, மருத்துவர். இரண்டு பேர் சரி என்றால் ஓட்டலாம் என்று வைக்காதீர்கள். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஓட்டம் இல்லை.

தூரத்தைக் குறைத்து ஒரு சீசன் சின்னப் பந்தயங்களில் ஓட்டி மெல்ல இறக்கலாமா என்று கேட்பார்கள். கால் சுத்தமாக இருந்து மூச்சு மட்டும் தளர்ந்த குதிரை என்றால் செய்யலாம். கால் கெட்ட குதிரைக்குச் சின்னப் பந்தயம் என்று ஒன்று இல்லை, அது எல்லாவற்றையும் முழுவேகத்தில்தான் ஓடும். "கடைசியாக ஒரே ஒரு பந்தயம், சொந்த ஊரில்" என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சொந்த ஊரில் கௌரவிக்க வேண்டுமென்றால் மாலை போட்டு, வண்டி இல்லாமல், பந்தயத்துக்கு முன்னால் ஒரு சுற்று நடத்திக் கூட்டி வாருங்கள். ஜனங்கள் அதற்கும் கைதட்டுவார்கள்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. வயசாலோ நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியில்லாத பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். காரணமில்லாமல் பசியில் தவிக்க வெளியே விட்டுவிடுவதும் அதே பிரிவில் வரும்.

செலவுக் கணக்கு

இதைப் பேசாமல் ஓய்வைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பலர் நிறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை, ஓடாத குதிரைக்குத் தீனி யார் போடுவது என்ற பயமும்தான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வயசு வரை வாழும். 13இல் நிறுத்தினால் இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஆறு ஏழு கிலோ உலர்தீவனம் வேண்டும், கொள்ளும் தவிடும் ஓடும் காலத்தில் கொடுத்ததில் கால்வாசி இருந்தால் அதிகம். உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள். ஓடுகிற குதிரைக்குச் செய்யும் செலவில் பாதிகூட வராது. நாங்கள் இப்போது பரிசுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறோம். அது ஓடிச் சம்பாதித்த பணம்தானே.

விற்றுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஓய்வுக்காக விற்கும் குதிரையை வாங்குபவர் ஓய்வுக்காக வாங்கமாட்டார். கல்யாண ஊர்வலச் சாரட்டு, கடற்கரைச் சவாரி, இல்லையென்றால் வேறு மாவட்டத்தில் அதே பந்தயம். பேர் வாங்கிய குதிரை என்றால் கடைசியில் சொன்னதுதான் முதலில் நடக்கும்.

பொலிகுதிரை நல்ல வம்சம் என்றால் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டை என்றால் 15 வயசுக்கு மேல் முதல் ஈற்றுக்கு விடாதீர்கள்.

நிறுத்திய பிறகு: முதல் இரண்டு மாதம்

ஓட்டத்தை நிறுத்தும் அன்றே தீனியைக் குறைக்க ஆரம்பியுங்கள். வேலை நின்றும் முழுக் கொள்ளு தின்ற குதிரை அடுத்த முறை கிளப்பும்போது இடுப்புச் சதை கட்டையாக இறுகி, வேர்த்துக் கொட்டி, காப்பி நிறத்தில் சிறுநீர் போகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் முழுத் தீனி தின்ற வேலைக் குதிரைகளுக்கு மறுநாள் வந்ததால் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். அப்படி ஆனால் நடத்தாதீர்கள், நின்ற இடத்திலேயே வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, அந்த அளவுக்கு உலர்புல்லைக் கூட்டுங்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

நடமாட்டத்தை ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். கால் அனுமதித்தால் தினம் அரைமணி நடை, ஆறு வாரம். அதன்பிறகு அதுவே உலாத்தட்டும். லாடத்தைக் கழற்றிவிடலாம், ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் குளம்பைச் சீவ வேண்டும். ஓடாத குதிரைக்குத்தான் இதை மறந்துவிடுவோம். ஆண்டுக்கொருமுறை பல், ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, சாணப் பரிசோதனை பார்த்துப் புழுமருந்து. துணைக்கு இன்னொரு குதிரை, இல்லையென்றால் ஒரு ஆட்டையாவது கட்டுங்கள். கூட்டமாக வாழும் பிராணி தனியாக நின்றால் கட்டையைக் கடிக்கத் தொடங்கும்.

ஏற்காட்டுக்கு அனுப்பலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் நல்ல குளிர்ச்சி, வெயிலில் மூச்சு வாங்கும் குதிரைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சேர்வராயன் மலையில் உண்ணிச்செடி புதர் புதராக இருக்கிறது, பெரணியும் உண்டு. இரண்டும் குதிரைக்கு விஷம். தீனி போதாமல் மேயவிட்டால் கடிக்கும். மழைக்காலத்தில் ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடிப்பக்கம் அழுகி நாறும். மேலே உலர்ந்த தரையும் கூரையும், தினம் பார்க்கிற ஆளும் இருந்தால் அனுப்புங்கள். ஆள் இல்லையென்றால் கீழேயே நிழலில் வைத்திருங்கள்.

வலி தீராத நிலைமை வந்து, எழுந்து நிற்கவே முடியாத குதிரையை மருத்துவர் கையால் அமைதியாகத் தூங்கவைப்பதும் நம் பொறுப்பில் வரும். அந்த நாளில் குதிரைக்குப் பழகிய ஒருவர் தலைமாட்டில் இருங்கள்.

ராஜாளிக்கு இப்போது 17 வயசு. இடதுகால் பின்நரம்பில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முண்டு நிரந்தரமாகிவிட்டது, தொட்டால் வலிக்கவில்லை. முதல் வருஷம் ஒரு பிரச்சினை இருந்தது. விடிகாலையில் மற்றக் குதிரைகளைப் பயிற்சிக்குப் பூட்டும் சத்தம் கேட்டதும் வேலி ஓரமாக ஓட ஆரம்பிப்பான், வண்டி மூக்கனேரிப் பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் கூடவே ஓடுவான். அந்தக் காலோடு. இப்போது நாலு மணிக்கே அப்பா எழுந்துபோய் கொல்லைப்புறம் தூரத்து மூலையில் அவனுக்குப் புல்லைப் போட்டுவிட்டு, தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே கட்டில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வண்டிகள் கிளம்பும்போது இரண்டு பேரும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அவன் மறுபடி புல்லுக்குக் குனிந்துவிடுகிறான்.